நொடிக்கு நூற்றைம்பது படம் பார்த்தவர்

பர்னி துறைமுகத்து எடைமேடையில் ராட்னி ஹாட்ஜெட்ஸுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். மரச்சீவல் ஏற்றிய லாரி வாசலில் திரும்பும்போதே கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து "நாப்பத்திரெண்டு புள்ளி நாலு" என்பார். லாரி மேடையில் ஏறி நின்றதும் நாற்பத்திரண்டு புள்ளி மூன்று டன் என்று காட்டும். "மேடைக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார்.

லாரி எந்தக் காட்டிலிருந்து வருகிறது, ஓட்டுநர் யார், காலையில் மழை பெய்து சீவல் நனைந்ததா என்பதெல்லாம் தெரிந்தவருக்கு எடை தானாக வாயில் வரும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கண்தான் எல்லாம் என்று ஊர் நம்பியது. ஊர் நம்புவதற்கு நாலு வருடம் முன்பே அவர் நம்பிவிட்டார். ஒரு விஷயம் கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைப்பது மனித சுபாவம். ஐம்பத்தெட்டு வயது ராட்னிக்கு அந்த சுபாவம் கொஞ்சம் தாராளமாகவே வாய்த்திருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்புக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுகிறவர்கள் கூடுவார்கள். மொத்தம் பதினாலு பேர். நாற்பதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. வீட்டில் மேசை விளிம்பில் ஸ்டீயரிங்கை இறுக்கி மாட்டி, காலடியில் பெடலை வைத்து, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உலகத்துப் பந்தயத் தடங்களையெல்லாம் சுற்றி வருகிற ஜனங்கள். கொட்டகைக்கு வருவது பெரும்பாலும் பேசத்தான். ஸ்காலப் சிப்பிக்கறியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட 'பை'யைக் கடித்துக்கொண்டு கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேசுவார்கள். வேறு எதைப் பற்றியும் பேசக் கூச்சப்படுகிற ஆண்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

அகலத்திரை மானிட்டர் வந்த பிறகு பேச்சு இரண்டு மடங்கானது. சாதாரணத் திரையின் இரு பக்கமும் அரைச் சாண் இழுத்து வளைத்த மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் காரின் இரண்டு பக்கக் கண்ணாடியும் கண்ணில் படும். பக்கத்தில் ஏறி வருகிறவனைத் தலை திருப்பாமல் பார்க்கலாம். ஆனால் அந்த அகலம் சும்மா வருமா? உயரம் அதேதான், புள்ளிகள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அவ்வளவு புள்ளியையும் வரைந்து தள்ள வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. பழைய கார்டெல்லாம் மூச்சு வாங்கின. எந்தக் கார்டு வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. ராட்னியைக் கேள் என்ற பதிலும் எழுந்தது.

அவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். முதலில் அளவு நாடாவை எடுத்து, பெட்டிக்குள் எத்தனை நீளக் கார்டு நுழையும் என்று அளப்பார். மின்சாரம் தரும் டப்பாவின் திறனைக் குனிந்து படிப்பார். இதெல்லாம் உருப்படியான காரியங்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் சடங்கு. நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் ஓர் எண் ஓடுமே, அதன் மேல் மஞ்சள் காகிதத் துண்டை ஒட்டச் சொல்வார். இரண்டு சுற்று ஓட்டுவார். கண்ணை இடுக்குவார். "அறுபத்தஞ்சு. எழுபதத் தொடல" என்பார். காகிதத்தைப் பிரித்தால் அறுபத்தேழு. பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். எந்தக் கார்டு எந்த விளையாட்டில் எத்தனை படம் தரும் என்ற பட்டியல்களை அவர் தினமும் காலை டீயோடு படிக்கிறவர் என்பது யாருக்கும் உறைத்ததில்லை.

அவர் வீட்டில் இருப்பது கடையிலேயே பெரிய கார்டு. பதினாலு மாதத்துக்கு முன்னால், புதுத் திரையோடு சேர்த்து வாங்கினார். நொடிக்கு நூற்று அறுபத்தைந்து படம் காட்டக்கூடிய திரை. மூலையில் நூற்றைம்பது என்று எண் ஓடும்.

"ஒரு தடவ நூத்தம்பது பாத்துட்டேன்னு வையி, அப்பறம் கண்ணு கீழ எறங்காது. அறுபதுல ஓட்டுறதெல்லாம் மழையில வைப்பர் இல்லாம போற மாதிரி" என்பார் வியாழன்தோறும்.

"எனக்கு வைப்பர் இருந்தாலும் ஒண்ணும் தெரியாது" என்பான் நைஜல் பர்ட். மீன் வறுவல் கடைக்காரன். வாய்க்கும் எண்ணெய் போட்டு வைத்திருப்பவன். "என் கார் எப்பவும் தலைகீழாத்தான் கெடக்கு."

ஆனால் க்ளெனிஸ் வைஸ்மன் அப்படிச் சிரித்துத் தள்ளுகிறவள் இல்லை. ஐம்பத்து மூன்று வயது. பள்ளி கேண்டீனில் சமையல். கூட்டத்தில் பெண் அவள் ஒருத்திதான். சுத்தமாக ஓட்டத் தெரிந்ததும் அவள் ஒருத்திதான். பெங்குவின் என்ற பக்கத்து ஊரில் ஒரு பல் டாக்டர் விற்ற பழைய அகலத்திரையை வாங்கி வந்திருந்தாள். அவள் கார்டு அதை இழுக்க முடியாமல் தவித்தது. கடையில் இரண்டு கார்டு எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். சின்னது தொள்ளாயிரம் டாலர். பெரியது ஆயிரத்து அறுநூற்றைம்பது. சனிக்கிழமை மதியம் வரை கெடு.

ஆகஸ்ட் கடைசி வியாழனன்று கொட்டகைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. க்ளெனிஸ் கடித்த பையைத் தட்டில் வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"ராட்னி, ஒரே வார்த்தையில சொல்லு. சின்னதா, பெரிசா?"

"சின்னது உனக்கு எம்பது, தொண்ணூறு தரும்."

"போதாதா?"

"போதும்னா போதும். டீயில சக்கர இல்லாமலும் குடிக்கலாம்ல? நீ ஓட்டுற ஓட்டுக்கு நூத்தம்பது இல்லாம பண்றது பாவம்மா. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

க்ளெனிஸ் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு நைஜல் பக்கம் திரும்பினாள். "அப்ப பாதர்ஸ்ட் டிக்கெட்ட நீ எடுத்துக்கோ."

அக்டோபரில் பாதர்ஸ்ட் மலையில் நடக்கும் நிஜப் பந்தயத்துக்கு, மலை உச்சியில் கூடாரம் போட்டுத் தங்கும் இடம் அவளுக்கு அந்த வருடம் கிடைத்திருந்தது. ஆறு வருடம் முயற்சி செய்து கிடைத்த இடம். அந்த மலையை அவள் கம்ப்யூட்டரில் ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருக்கிறாள். நேரில் ஒரு தடவையும் பார்த்ததில்லை. டிக்கெட்டையும் விமானச் செலவையும் சேர்த்தால்தான் பெரிய கார்டுக்குப் பணம் தேறும்.

"நெசமாவா சொல்ற?" என்றான் நைஜல். அவன்கூட கிண்டல் செய்யவில்லை.

"மல அங்கியேதான் இருக்கும். அடுத்த வருசம் பாத்துக்கலாம். சனிக்கெழம பத்து மணிக்குப் பணத்தோட கடைக்கு வா, டிக்கெட்ட அங்கியே தர்றேன்."

ராட்னி பெருந்தன்மையோடு தலையை ஆட்டினார். நல்ல ஆலோசனை சொன்ன திருப்தியில் இன்னொரு பை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தது தன் படிக்கும் கண்ணாடியின் மேல். அது இரண்டாக ஒடிந்தது. கண்ணாடி இல்லாமல் கம்ப்யூட்டரில் எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. எழுத்தைப் பெரிதாக்குவோம் என்று, பதினாலு மாதத்தில் முதல் முறையாகத் திரைக்கான செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தார். ஊருக்கெல்லாம் கார்டு சொல்கிற மனிதர் தன் திரையின் செட்டிங்ஸை அதுவரை திறந்ததில்லை. எழுத்து அளவைத் தேடிக்கொண்டு கீழே போனபோது ஒரு வரி தட்டுப்பட்டது. மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் படித்தார். நொடிக்கு அறுபது படம் என்றிருந்தது.

திரை வந்த அன்று தானாகப் போட்டுக்கொண்ட அளவு அது. நூற்று அறுபத்தைந்து என்ற அளவு அதன் கீழேயே, தேர்ந்தெடுக்கப்படாமல், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கார்டு பாட்டுக்கு நூற்றைம்பது படம் வரைந்து தள்ளியிருக்கிறது. மூலையில் ஓடிய எண் அது. திரை அதில் அறுபதைக் காட்டிவிட்டு மிச்சத்தைத் தூக்கி எறிந்திருக்கிறது. அடுப்பில் நூற்றைம்பது பை வெந்தாலும் தட்டில் வைத்தது அறுபதுதான். பதினாலு மாதமும் ராட்னி அந்த அறுபதைத் தின்றுவிட்டு நூற்றைம்பதுக்கு ஏப்பம் விட்டிருக்கிறார்.

"லினெட்!" என்று கூப்பிட்டார்.

அவர் மனைவி துவைத்த துணிக்கூடையோடு வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டாள். கூடையைக் கீழே வைத்தாள். சிரிப்பதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"மழையில வைப்பர் இல்லாம போற மாதிரின்னியே, அது நீதானாய்யா?"

"சிரிக்காத. மாத்திப் பாப்போம். மாத்துனா எனக்குத் தெரியும்."

லினெட் மௌஸைப் பிடித்தாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அவள் அளவை மாற்றுவாள், அல்லது மாற்றாமலே மாற்றியதாகச் சொல்வாள். அவர் திரும்பி ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். மின்சார பில் வந்த உறையின் முதுகில் அவள் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பத்து தடவை முடிந்தது. நாலு சரி.

"காச சுண்டிப் போட்டாக்கூட அஞ்சு வந்துருக்கும்" என்றாள்.

"நீ செஞ்சு பாரேன்."

அவள் செய்து பார்த்தாள். எட்டு சரி.

"எப்படி?" என்றார் ராட்னி.

"கார பாக்கல. மௌஸ் அம்ப ஆட்டிப் பாத்தேன். ஒண்ணுல வழுக்கிட்டுப் போவுது, ஒண்ணுல தத்தித் தத்திப் போவுது. இத எட்டு வயசுப் புள்ளகூட சொல்லும்."

ராட்னி நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பு ஓய்ந்த பிறகு லினெட்டுக்கும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு முக்கியமான விஷயம் எது என்று எப்போதும் தெரியும்.

"க்ளெனிஸ் நாளைக்குத்தான வாங்குறா?"

"ம்."

"சொல்லிடு."

"என்னன்னு சொல்ல? ஊரே சிரிக்கும்."

"மூணு வருசம் முந்தி மேடையில இருநூறு கிலோ தப்பாக் காட்டுச்சுன்னு கண்டுபுடிச்சியே, அப்ப என்ன பண்ண? தப்பு ஆரம்பிச்ச நாள்லேருந்து எட போட்ட ஒவ்வொருத்தனுக்கும் நீயே போன் போட்ட. அறுவத்தொரு போன். எவனும் கேக்கல, நீயா போட்ட. உன்ன நெனச்சு எனக்கு அன்னிக்குப் பெருமையா இருந்துச்சு."

"அது தராசு, லினெட்" என்றார் ராட்னி. "இது நான்."

அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ராட்னி கோழை இல்லை. ஆனால் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பேரையும் காப்பாற்றிக்கொண்டு க்ளெனிஸின் பணத்தையும் காப்பாற்ற ஒரு வழி இருக்கும் என்று பட்டது. போனை எடுத்தார்.

"க்ளெனிஸ், நானு. யோசிச்சுப் பாத்தேன். சின்னதே போதும்னு தோணுது."

"ஏன், என்னாச்சு?"

"பெரிசு ரொம்ப சூடாவுது. கரண்ட்டும் ஜாஸ்தி இழுக்கும்."

"நான் பெட்டில மூணு ஃபேன் போட்டுருக்கேனே? நீதான போடச் சொன்ன?"

"அது சரி... நீளமும் ஜாஸ்தி."

"நீதானய்யா நாடா வச்சு அளந்த! ரெண்டு விரல் எடம் மிச்சம்ன!" க்ளெனிஸ் சிரித்தாள். "எனக்குத் தெரியும் ராட்னி. பாதர்ஸ்ட் போவ முடியலன்னு நான் வருத்தப்படுறேன்னு பாக்குற. நல்ல மனசுய்யா உனக்கு. ஆனா நீ சொன்னது மண்டையில ஏறிருச்சு. மட்டமான படத்தக் காட்டி கண்ண ஏமாத்த முடியாது. நாளைக்கு வா."

வைத்துவிட்டாள். நல்ல மனசு என்ற வார்த்தை அவருக்குள் எங்கோ குத்தியது. அத்தனை வியாழக்கிழமையும் அவ்வளவு திறமையாகப் பேசித் தொலைத்திருக்கிறார். இப்போது அவர் பேச்சை அவராலேயே வெல்ல முடியவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வில்சன் தெரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனபோது க்ளெனிஸ் கல்லாவின் முன்னால் நின்றிருந்தாள். பெரிய கார்டின் பெட்டி மேசை மேல் இருந்தது. நைஜல் பக்கத்தில், இன்னும் பணம் கொடுக்காத டிக்கெட் உறையை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, மலை உச்சியில் எத்தனை பெட்டி பியர் அனுமதிப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்காத" என்றார் ராட்னி.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"என் தெர அறுபதுலதான் ஓடுச்சு. பதினாலு மாசமா. செட்டிங்ஸ் நான் மாத்தவேயில்ல. நேத்துதான் பாத்தேன்."

நைஜலுக்குப் புரிய மூன்று நொடி ஆனது. அதற்குள் நொடிக்கு அறுபது வீதம் நூற்று எண்பது படம் ஓடியிருக்கும். பிறகு அவன் கல்லாவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். "அறுபது! யோவ், அறுபது! இனிமே உன் பேரே அதான்யா!" கடைக்காரப் பெண் திரும்பி நின்று அலமாரியை அடுக்குவது போல் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

க்ளெனிஸும் சிரிக்கப் போகிறாள் என்று ராட்னி காத்திருந்தார். அந்தக் கேலியையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"போன டிசம்பர்ல என் வீட்டுக்கு வந்த" என்றாள். "என் நாக்காலில உக்காந்து ரெண்டு சுத்து ஓட்டுன. 'படமெல்லாம் கிழிஞ்சு கிழிஞ்சு ஓடுது, உனக்குத் தெரியலியா'ன்ன. எனக்கு ஒண்ணும் கிழியல ராட்னி. பாரம் இழுக்குற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா கிழியல."

"க்ளெனிஸ்..."

"இரு. என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். டெவன்போர்ட்டுக்குப் போயி கண் டாக்டரப் பாத்தேன். கண்ணு நல்லாருக்குன்னாரு. நான் நம்பாம மறுபடியும் போனேன். அப்பவும் அதையேதான் சொன்னாரு. டாக்டருக்குப் பாக்கத் தெரியலன்னு நெனச்சிட்டு வந்தேன்யா. அவர நம்பல. உன்ன நம்புனேன்."

நைஜலின் சிரிப்பு நின்றுபோனது. ராட்னிக்கு முகமெல்லாம் சூடேறியது. கேலி செய்திருந்தால் வீட்டுக்குப் போய் லினெட்டிடம் புலம்பியிருக்கலாம். இதை எடுத்துக்கொண்டு எங்கே போவது? அவர் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"தப்புதாம்மா. பெரிய தப்பு. மன்னிச்சிடு" என்றார்.

கடையின் மூலையில் இரண்டு அகலத்திரைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்காக ஒன்றில் சின்ன கார்டு, ஒன்றில் பெரிய கார்டு. க்ளெனிஸ் கடைக்காரப் பெண்ணிடம் மூலையில் ஓடும் எண்களையும் பெட்டிகளையும் அட்டை வைத்து மறைக்கச் சொன்னாள். இரண்டிலும் ஒரே பந்தயம், ஒரே தடம்.

"வா, உக்காரு" என்றாள் ராட்னியிடம். "எது பெரிசு? சொல்லு."

ராட்னி இடது பக்கம் ஒரு சுற்று ஓட்டினார். வலது பக்கம் ஒரு சுற்று. கண்ணை இடுக்கவில்லை. உண்மையில் அதற்கு அவசியமும் இல்லை. வலது பக்க அட்டைக்குப் பின்னாலிருந்து வந்த விசிறிச் சத்தம் அவருக்கு அத்துப்படி. பதினாலு மாதமாக வீட்டில் தினமும் கேட்கிற சத்தம். அதே பெரிய கார்டு. "வலது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அட்டையை எடுத்தால் சரியாக இருக்கும். செட்டிங்ஸில்தான் பிசகு, கண்ணில் இல்லை என்று நைஜல் ஊரெல்லாம் சொல்வான். அறுபது என்ற பேர் அடுத்த வியாழனுக்குள் செத்துவிடும். போன பேரில் பாதியாவது திரும்பக் கிடைக்கும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"கண்ணால பாத்து எனக்குத் தெரியல" என்றார்.

"ஒண்ணுமே தெரியலியா?"

"தெரியல க்ளெனிஸ். இதுக்கு முன்னாடியும் தெரிஞ்சதில்ல."

க்ளெனிஸ் அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். மெதுவாக, கேண்டீனில் குழம்பு ருசி பார்க்கிறவளைப் போல, ஒன்றில் ஒரு சுற்று, அடுத்ததில் ஒரு சுற்று. அவள் ஓட்டுவதை மூன்று பேரும் பின்னால் நின்று பார்த்தார்கள். ராட்னி விசிறிச் சத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"வலது பக்கம் கொஞ்சம் வழவழன்னு இருக்கு" என்றாள் கடைசியில். "பெரிசு அதுதான்னு நெனைக்கிறேன். இடதுல எனக்கு ஒரு கொறையும் தெரியல."

கடைக்காரப் பெண் அட்டைகளை எடுத்தாள். க்ளெனிஸ் சொன்னது சரி. பெரியது வலதில் இருந்தது.

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் கண்ணு நல்லாத்தான்யா இருக்கு" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு எழுந்து போய், நைஜலின் விரலிடுக்கிலிருந்து டிக்கெட் உறையை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கல்லாவில் சின்ன கார்டுக்குப் பில் போடச் சொன்னாள்.